வரையும் பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போகிறீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேத்திக்கு மார்ச் மாதம் 13 வயது முடிந்தது. மகனின் மூத்த பெண், இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எனக்கு போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். “எப்பப் பார்த்தாலும் வரைஞ்சுகிட்டே இருக்காளே, பெரிய கலர் பாக்ஸா ஒண்ணு வாங்கிடவா?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். 1978-இல் தொடங்கி 42 ஆண்டுகள் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைவாளராக வேலை பார்த்தவன் நான். அதனால் இந்த விஷயம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக் கேட்டார்கள். ஆனால் அந்தப் பெரிய கலர் பாக்ஸைப் போன வருடம் வாங்கிக் கொடுத்து, பிள்ளையின் மனத்தை நோகடித்தவனே நான்தான். வேறு யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வருடம் நடந்தது இது. ஒரு கடைத்தொகுதியில் இருந்த பரிசுப்பொருள் கடையில் மரப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கதவு போல விரியும். உள்ளே 150 பொருள்கள் என்று மூடியில் அச்சடித்திருந்தது. வண்ணப் பென்சில், கிரேயான், ஆயில் பேஸ்டல், வட்ட வட்டமாக நீர்வண்ண வில்லைகள், மூன்று தூரிகை, சின்னக் கத்தரிக்கோல், ஒரு வரைதாள் கட்டு. விலை 39 வெள்ளி 90 காசு. இத்தனை பொருளுக்கு இது மலிவு என்று தோன்றியது. பெட்டியைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன். சரி, நல்லதாகத்தான் வாங்கியிருக்கிறோம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஈசூனில் எங்கள் வீட்டுச் சன்னல் ஓரமாக உட்கார்ந்து, எதிர் புளோக்குக்கு மேலே தெரிந்த மழைவானத்தைத் தீட்டப் பார்த்தாள். தூரிகை நனைந்ததுமே மயிர் பிரிந்து விரிந்துகொண்டது. வில்லையில் எத்தனை முறை தேய்த்தாலும் சாயம் ஏறவில்லை. இன்னும் தண்ணீர் விட்டாள். தாள் அப்பளம் போல வளைந்தது. அழுத்தித் தேய்த்த இடத்தில் தாளின் மேல்தோல் பஞ்சு பஞ்சாகத் திரண்டு வந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், கருநீலமாக இருக்க வேண்டிய மேகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. மூன்று தாள்களில் முயன்று பார்த்தாள். அப்புறம் பெட்டியை மூடிவிட்டு, “எனக்குப் பெயிண்டிங் வராது தாத்தா” என்றாள்.

அதோடு தூரிகையைத் தொடவே இல்லை. பென்சிலோடு நின்றுவிட்டாள். தொடக்கநிலை ஆறு, வருடக் கடைசியில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கநிலை இறுதித் தேர்வு, அந்தக் கவலையில் இருக்கிறாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எட்டு மாதம் கழித்து வீட்டைச் சுத்தம் செய்கிறபோது அந்த மரப்பெட்டி கையில் கிடைத்தது. அதே வில்லை, அதே தாள், அதே தூரிகையை எடுத்து நானே ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். நாற்பது வருடம் கோடு போட்ட கைக்கே அதில் ஒன்றும் வரவில்லை. குற்றம் பொருளிடம் இருந்தது. பிள்ளை அதைத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலிவான வண்ணத்தில் சாயப்பொடி குறைவு, அதை நிரப்பப் போடும் வெள்ளை மாவு அதிகம். அதனால்தான் காய்ந்தபின் வெளுக்கிறது. தாள் விஷயமும் இதே கதைதான். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுத் தாளின் கனத்தைச் சொல்வார்கள். நாம் பிரிண்டரில் போடும் தாள் பெரும்பாலும் 80 கிராம். நீர்வண்ணத்துக்கு 300 கிராம் தாள்தான் தண்ணீரைத் தாங்கும். அதற்கு ஒருவகைப் பசையும் ஏற்றியிருப்பார்கள். வண்ணம் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலே நின்று விளையாட அந்தப் பசைதான் காரணம். இதெல்லாம் தெரியாத பிள்ளை, தன்னால் முடியவில்லை என்றுதானே நினைக்கும்?

சரி, அப்படியானால் என்ன வாங்குவது? இந்த வருடம் நான் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அவளிடம், “உன் பென்சில் பெட்டியைத் தாத்தா ஒருதடவை பார்க்கலாமா?” என்று கேட்டேன். அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும். 13 வயதில் பென்சில் பெட்டியும் வரைபுத்தகமும் அவர்களுக்கு டைரி மாதிரி. நாம் பாட்டுக்குத் திறந்து புரட்டக் கூடாது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தாள்.

அந்தப் பெட்டி எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. 2பி பென்சில் ஒன்று சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. பிடிக்க இடம் போதாமல் பின்பக்கம் காகிதத்தைச் சுருட்டி ஒட்டி நீட்டியிருந்தாள். 6பி பாதி. ஹெச்பி அப்படியே புதிதாக இருந்தது. 48 வண்ணப் பென்சில் இருந்த தகர டப்பாவில் 40-க்கும் மேற்பட்டவை கடையிலிருந்து வந்த கூர்மையோடு நின்றன. குட்டையாகியிருந்தவை கருநீலம், இரண்டு பழுப்பு, ஒரு ஆரஞ்சு. “இந்த நாலு மட்டும் ஏம்மா இப்படித் தேஞ்சிருக்கு?” என்றேன். “பாட்டியையும் அப்பாவையும் வரையறதுக்கு தாத்தா. ஸ்கின் கலர்னு ஒரு பென்சில் இருக்கு, ஆனா அது நம்ம ஸ்கின் இல்லையே” என்றாள். எடுத்துப் பார்த்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது, கூர் சீவாமல். நம் வீட்டு மனிதர்களின் நிறத்தை அவள் பழுப்பின் மேல் ஆரஞ்சு, அதன் மேல் கருநீலம் என்று அடுக்கித் தானே கண்டுபிடித்திருந்தாள். என் மனைவியின் கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ள நிற வித்தியாசம் கூட அதில் இருந்தது. கன்னத்தில் ஆரஞ்சு கூடுதல், நெற்றியில் நீலம் கூடுதல்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் வரைவுக்கூடத்தில் மூத்த சீன வரைவாளர் ஒருவர் இருந்தார். மை ஊற்றி வரையும் பேனாக்கள் 0.18, 0.25, 0.35, 0.5 என்று மில்லிமீட்டர் கணக்கில் வரும். புதுப் பேனா வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலில் பழைய பேனாவை வாங்கி அதன் முனையைப் பார்ப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஆளுக்கு எந்த அளவு சரிப்படும் என்று அவரே எடுத்துத் தருவார். ஒருநாளும் தப்பாகத் தந்ததில்லை. பேத்தியின் பெட்டியைப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தாய் தகப்பனைக் கேட்பதைவிட, எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே பொருளை இன்னும் ஒரு படி நல்ல தரத்தில் வாங்குங்கள். புதிய வகை எதையாவது அறிமுகப்படுத்த ஆசையென்றால் கூடவே ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். 1980-இல் கட்டிய தொகுதி, புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது. ஓவியப் பொருள்களுக்கு என் காலத்தில் வரைவாளர்கள் எல்லோரும் அங்கேதான் போவோம். வாங்கியதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, இரண்டிரண்டு. பி என்றால் கருமை, ஹெச் என்றால் கடினம். கிராஃபைட்டில் களிமண் கூடக் கூட முனை கடினமாகும், கோடு வெளிறும். களிமண் குறைந்தால் மென்மையும் கருமையும் வரும். 1795-இல் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட வழி இது. அடுத்து, மாவு போலப் பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரக்கூடிய அழிப்பான் ஒன்று. அது தாளைத் தேய்க்காது, கரியை ஒற்றி எடுக்கும். முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தை அதை வைத்தே வரையலாம். செயற்கை மயிர்த் தூரிகை, உருண்டை வகை, எட்டாம் நம்பர். ஒன்றே போதும். நனைத்து உதறினால் ஊசி போல முனை கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். கூடினால் அதே தூரிகையில் வானமும் தீட்டலாம், கண் இமையும் தீட்டலாம்.

வண்ணத்தில் பெட்டி வாங்கவில்லை. அரைப் பேன் (half pan) என்று சின்னச் சின்ன வில்லைகளாகத் தனியே விற்கிறார்கள். ஆறு எடுத்தேன். அவள் பெட்டி காட்டிக்கொடுத்தபடி பழுப்பில் இரண்டு, பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர். இரண்டும் மண்ணைச் சுட்டு எடுத்த நிறங்கள். கூடவே அல்ட்ராமரின் நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு பச்சை. பர்ன்ட் சியென்னாவோடு அல்ட்ராமரினைக் கலந்தால் சாம்பல் நிறம் வரும், நீலத்தைக் கூட்டினால் ஈசூனுக்கு மேலே திரளும் மழைமேகம் வரும், பழுப்பைக் கூட்டினால் நம் தலைமுடியின் நிழல் வரும். கறுப்பு வாங்கவே தேவையில்லை. இதைக் கடையிலேயே ஒரு துண்டுத் தாளில் கலந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். விற்பனைப் பெண் பொறுமையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அக்கறையுள்ள பெரியவர்களும் தவறுகிறார்கள். நல்ல தாள் என்று கேள்விப்பட்டுப் பருத்தியில் செய்த உயர்ந்த தாளாக ஒரே ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தால், பிள்ளை அதைத் தொடவே பயப்படும். கெட்டுப்போய்விடுமோ என்று பத்திரமாக அலமாரியில் வைத்துவிடும். அதனால் நான் மரக்கூழில் செய்த 300 கிராம் தாளில் ஒரு கட்டும், அதோடு சாதாரண வரைபுத்தகங்கள் மூன்றும் வாங்கினேன். வரைபுத்தகத்தின் முதல் பக்கத்தில் நானே பேனாவால் கோணல்மாணலாக ஒரு கோடு கிழித்துக் கொடுத்தேன். “தாத்தா, ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்று பதறினாள். “இனி இது புதுசு இல்ல, நீ தாராளமா கெடுக்கலாம்” என்றேன். ஒரு வாரத்தில் 20 பக்கம் முடித்துவிட்டாள்.

எல்லாம் சேர்த்து 80 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பெரிய தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். என் மகளும் நானும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். 20 வெள்ளிதான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு பென்சில், அந்தப் பிசையும் அழிப்பான், ஒரு வரைபுத்தகம் போதும். 150 பொருள் பெட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

13 வயது என்பதையும் மனத்தில் வையுங்கள். பெட்டியின் மேல் யூனிகார்ன் படமும் ஜிகினாவும் ‘6 வயதுக்கு மேல்’ என்ற எழுத்தும் இருந்தால், தன்னை இன்னும் குழந்தை என்று நினைக்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். எண் போட்ட கட்டங்களில் வண்ணம் நிரப்பும் பலகையும் ஒருவர் கொடுத்தார். சொந்தமாக வரைகிற பிள்ளைக்கு அதில் செய்ய என்ன இருக்கிறது? இன்னொரு உறவினர் கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள் நான்கைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொடுத்தார். “வரையறதெல்லாம் சரி, படிப்பும் முக்கியம்மா” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைப் பிரித்த நிமிடத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பயிற்சிப் புத்தகம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கிக் கொடுக்கலாமே. பிறந்தநாளில் வேண்டாம். அன்று அவள் யாரோ, அந்தப் பிள்ளையைக் கொண்டாடுங்கள். அவள் மாற வேண்டிய பிள்ளையை அல்ல.

என் மைத்துனர் உறையில் 50 வெள்ளி நோட்டு ஒன்று வைத்துக் கொடுத்தார். பணமாகக் கொடுப்பது தப்பில்லை, வேண்டியதை அவளே வாங்கிக்கொள்வாள். ஆனால் அந்த நோட்டு வேறொரு வழியில் அவளுக்குப் பரிசாயிற்று. விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பிப் போட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் கையில் எத்தனை முறை வந்து போயிருக்கும் அந்த நீல நோட்டு. முன்பக்கம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் படம், அது எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள், சென் வென் சி வரைந்தது. கருவாடு காயவைக்கும் காட்சி, சியோங் சூ பியெங் வரைந்தது. கூடவே நான்கு இசைக்கருவிகள், அதில் ஒன்று நம் வீணை. 1999-இல் வந்த நோட்டு. இத்தனை வருடமாக நான் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

அவள் புது 4பி பென்சிலை எடுத்து அந்தக் குரங்குகளை வரைபுத்தகத்தில் பெரிதாக்கி வரைய ஆரம்பித்தாள். முதலில் கைகள். உடம்பைவிடக் கை நீளமாக வருகிறதே என்று இரண்டு முறை அழித்தாள். பிறகு நோட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, “இல்ல தாத்தா, நெசமாவே அவ்வளவு நீளம்தான்” என்றாள். அப்புறம், “வாலைக் காணோமே, கொடிக்குப் பின்னால இருக்கா?” என்று கேட்டாள். கிப்பனுக்கு வால் கிடையாது என்று இருவரும் போனில் தேடித் தெரிந்துகொண்டோம். உரோமத்துக்கு அவள் கோடு போடவில்லை. பென்சிலைச் சாய்த்து மெல்லத் தடவி, பிசையும் அழிப்பானால் ஆங்காங்கே ஒற்றி எடுத்தாள். ஈரப்பதம் உள்ள மயிர் மாதிரியே வந்தது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. மணி 11 ஆனது. மருமகள் தூங்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டும் நான் கைகாட்டி நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015-இல் திறந்தார்களே, அதுதான். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூடங்களில் கட்டணம் இல்லை. ஆகவே இதைச் செலவில்லாத பிறந்தநாள் பரிசு என்றே சொல்லலாம். சென் வென் சி, சியோங் சூ பியெங், லியூ காங், சென் சொங் சுவீ என்ற நால்வரும் 1952-இல் ஒன்றாகப் பாலித் தீவுக்குப் போய்த் திரும்பிவந்து வரைந்ததைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். நான்கு நண்பர்கள் சேர்ந்து வரையவே பயணம் போனார்கள் என்பது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஓவியர் ஜார்ஜெட் சென் தன்னைத்தானே வரைந்த சின்னப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் என்னிடம் இன்னொன்றும் கேட்டாள்: “நம்ம ஆளுங்க யாரும் ஆர்ட்டிஸ்ட் இல்லையா தாத்தா?” தமிழ்ப் பெற்றோர் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஆர்ச்சர்ட் சாலையில் ஐயன் கடைத்தொகுதிக்கு முன்னால் இருக்கும் பெரிய ஜாதிக்காய், தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் பிரம்மாண்டமான சிவப்பு மிளகாய், இரண்டும் குமாரி நாகப்பன் என்ற பெண் சிற்பியின் வேலைகள். நம் அடுப்படிப் பொருளை எடுத்து ஊர் நடுவே நிறுத்தியிருக்கிறார். இரண்டையும் காட்டினேன். பிறகு சிராங்கூன் சாலைப் பக்கம் பெலிலியோஸ் சந்தில் கிளி ஜோசியர் இருக்கும் சுவரோவியத்தையும் காட்டினேன். அங்கேயே நடைபாதை ஓரமாக நின்று கிளியை வரைந்தாள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒரு தே தாரேக் தேநீர், ஒரு வடை, ஒரு கிளி. அன்றைய செலவு மூன்று வெள்ளிகூட இல்லை.

என் மகள், அதாவது பிள்ளைக்கு அத்தை, செங்காங்கில் இருக்கிறாள். அவள் கொடுத்த பரிசைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேத்தி முன்பு வரைந்து கொடுத்த பாட்டி படத்தைச் சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டி, அதன் கீழே கேக் வெட்டச் சொன்னாள். பிள்ளை அன்று முழுவதும் அந்தச் சுவரைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணினியில் வரைவதற்கான பலகை வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை கேட்டால் வாங்குங்கள். நானும் முதலில் அவள் வரையும் ஜப்பானியக் கார்ட்டூன் உருவங்களையும் திரையில் வரைவதையும் ஓவியமாக மதிக்கவில்லை. அது என் தவறு. 1990-களில் எங்கள் அலுவலகத்தில் வரைபலகைகளை எடுத்துவிட்டுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தபோது, கை பழகியவர்கள்தான் அதையும் சீக்கிரம் கற்றார்கள். ஆனால் வாங்கும்முன் ஒரு விஷயம் கேளுங்கள். திரையில்லாத பலகையென்றால் கை மேசைமேல் இருக்கும், கண் கணினித் திரையில் இருக்கும். பழக வாரக்கணக்காகும், வீட்டில் கணினியும் வேண்டும். திரையுள்ளது விலை அதிகம். இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, தாய் தகப்பனிடமும் சொல்லிவிட்டு வாங்குங்கள். திடீர்ப் பரிசாக வேண்டாம்.

நம் ஊர் வெக்கையைப் பற்றியும் கடையில் யாரும் சொல்வதில்லை. நனைந்த வண்ண வில்லையை உடனே மூடி வைத்தால் இரண்டே நாளில் பூசணம் பூக்கும். நன்றாகக் காயவிட்டு மூட வேண்டும். நல்ல தாளும் திறந்து கிடந்தால் ஈரக்காற்றில் பசை கெட்டுவிடும், அப்புறம் வண்ணம் மையொற்றும் தாளில் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாக இறங்கும். எங்கள் அலுவலகத்தில் வரைபடத் தாள்களைக் குளிரூட்டிய அறையில்தான் வைப்போம். வீட்டில் அதற்கு வழியில்லை. தேக்காவில் ஒரு பாத்திரக் கடையில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, பெரியதாக ஒன்று வாங்கினேன். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை என் மனைவி சேர்த்து வைத்திருந்தாள், அவற்றை உள்ளே போட்டோம். பரிசுகளிலேயே அதிகம் பயன்படுவது இந்த டப்பாதான் என்று மருமகள் சொல்கிறாள்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மரப்பெட்டியில் தோற்ற அந்த மழைவானத்தை அதே சன்னலோரம் உட்கார்ந்து அவள் மறுபடி தீட்டினாள். நீலத்தில் பழுப்பைக் கலந்து, தாள் நன்றாக நனைந்திருக்கும்போதே மேகத்தை ஓடவிட்டாள். எதிர் புளோக்கின் துணிக்கம்புகளைக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டாள். கம்புகளில் ஒன்றில் சிவப்புச் சேலை தொங்குகிறது. அது என் மனைவியுடையது. எதிர் புளோக்கில் எப்படி வந்தது என்று கேட்டேன், அங்கே சிவப்பு தேவைப்பட்டது என்றாள்.

நேற்று சாயங்காலம் அந்த டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள். ஆறு வில்லைகளில் அல்ட்ராமரின் இருந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் அடி தெரிகிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் ஒட்டியிருக்கிறது. “நீலம் தீந்துபோச்சு தாத்தா.” சனிக்கிழமை இருவரும் பிராஸ் பாசா போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
ஈசூன்.